பிஸ்டன் தலையில் இரண்டு டீஸ்பூன் பள்ளம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயையும் களியக்காவிளையையும் தாண்டி அரிசியும் வெங்காயமும் சுமந்து வரும் லாரிகளில், டர்போ இல்லாத வண்டியை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றின் டீசல் எஞ்சின்கள் சிலிண்டருக்குள் நுழைந்த காற்றை ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக இறுக்குகின்றன. அந்த லாரிக்குப் பின்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் பெட்ரோல் கார் 11-இல் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தக் காருக்கும் ஒரு டர்போ வைத்தால் என்ன என்று விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் போய்க் கேளுங்கள். டர்போவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, “பிஸ்டனை மாத்தணும் சார், கம்ப்ரஷனைக் குறைக்கணும்” என்பார்.

இது விசித்திரமான பேச்சு. 17 வரை இறுக்கும் எஞ்சின் டர்போவைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. 11 வரை இறுக்கும் எஞ்சின் மட்டும் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ இறங்கி வர வேண்டுமாம். காற்றை அதிகமாக உள்ளே தள்ளப் போகிறோம் என்றால், அதை ஏன் குறைவாக இறுக்க வேண்டும்?

முதலில் அந்த 11 என்ன எண் என்று பார்ப்போம். பிஸ்டன் சிலிண்டரின் அடிமுனையில் நிற்கும்போது அதற்கு மேலே இருக்கும் மொத்த இடம் ஒன்று. பிஸ்டன் மேல்முனைக்கு வந்த பிறகும் எஞ்சி நிற்கும் இடம் இன்னொன்று. முதலாவதில் இரண்டாவது எத்தனை முறை அடங்கும் என்பதே இறுக்க விகிதம். பட்டறையில் கம்ப்ரஷன் ரேஷியோ. இதில் அழுத்தமும் இல்லை, வெப்பமும் இல்லை. எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாலும் மாறாத வெறும் வடிவக் கணக்கு அது. ஆனால் சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோலுக்கு வடிவம் தெரியாது; தன்னைச் சுற்றி எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதே அதற்குத் தெரியும். பிஸ்டனைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருவது.

காற்றை வேகமாக இறுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எல்லோரும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுக் கையை உதறியிருப்பார்கள். டீசல் எஞ்சின் அந்தச் சூட்டையே நம்பிப் பிழைக்கிறது. அது காற்றை மட்டும் இறுக்குகிறது. காற்று போதிய அளவு கொதித்த பிறகுதான் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சப்படும் முன் எரிவதற்கு உள்ளே எதுவும் இல்லை. பெட்ரோல் எஞ்சினில், பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே வந்து, கலந்தே இறுக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பொறியிடும் வரை அந்தக் கலவை பொறுமையாக இருக்க வேண்டும். பொறி விழுந்த பிறகும், தீ தன்னிடம் வந்து சேரும் வரை மூலையில் கிடக்கும் கலவை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்ள, ஆற்றுகால் பொங்கல் நாளன்று இதே சாலைத் தெருவை நினைத்துக்கொள்ளலாம். கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டிய தீ, வரிசையாக வைத்த செங்கல் அடுப்புகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறித் தெருத்தெருவாக நகர்கிறது. சிலிண்டரில் ஒழுங்காக நடக்கும் எரிதலும் இதுவே: பிளக்கிலிருந்து ஒரு தீமுகம் கிளம்பி, விநாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் சுவரை நோக்கிப் போகிறது. இனி, தீ பாதித் தூரம் வருவதற்குள் கடைக்கோடி அடுப்புகள் நூறும் ஒரே கணத்தில் தாமாகப் பற்றிக்கொண்டால் எப்படியிருக்கும்? பிளக்கருகே எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாத கடைசிப் பகுதியைச் சுவரோடு நெருக்குகிறது. ஏற்கெனவே சூடாக இருந்த அந்தப் பகுதி இன்னும் சூடேறி, தீ வருவதற்கு முன்பே மொத்தமாக வெடிக்கிறது. அதுதான் நாக்கிங், தமிழில் தட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். காதில் விழும் ‘கிணிங்’ ஓசை, அந்த வெடிப்பில் எழுந்த அழுத்த அலை சிலிண்டரின் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலி. கார் அளவுச் சிலிண்டரில் அது விநாடிக்கு 7,000 அதிர்வுகளை ஒட்டி இருக்கும்.

ஓசை போனால் போகட்டும் என்று விட முடியாது. எரியும் வாயு 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியக் கலவையாலான பிஸ்டனோ 600 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும். அது பிழைத்திருப்பதற்குக் காரணம், உலோகத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய வாயுப் படலம். தட்டல் அலை அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. பிஸ்டன் தலையில் எலி கறண்டியது மாதிரி தழும்புகள் விழும். ரிங் உட்காரும் வரம்புகள் உடையும். டர்போ வைத்த எஞ்சினில் இதற்கு நாள்கணக்கு வேண்டாம், ஒரு நீண்ட ஏற்றம் போதும்.

இந்த விஷயமெல்லாம் எப்படித் தெரிய வந்தது என்பது தனிக் கதை. முதல் உலகப் போர்க் காலம் வரை தட்டலுக்குக் காரணம் ஸ்பார்க் அமைப்பு என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, எரிபொருளுக்குச் சிவப்பு நிறமூட்டினால் அது வெப்பத்தை ஈர்த்துச் சீக்கிரம் ஆவியாகி ஒழுங்காக எரியும் என்று எண்ணி, 1916-இல் மண்ணெண்ணெயில் அயோடினைக் கலந்தார். தட்டல் நின்றது. உடனே மற்ற சிவப்புச் சாயங்களையும் போட்டுப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. நிறமில்லாத அயோடின் சேர்மமோ வேலை செய்தது. கோட்பாடு அடியோடு தவறு, ஆனால் எரிபொருளின் வேதியியலில்தான் விடை இருக்கிறது என்ற பெரிய உண்மை கையில் கிடைத்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கு, அது கொண்டுவந்த நச்சுக்கும் சேர்த்து, வழி திறந்ததும் இங்கேதான்.

இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ வேறு வழியில் போனார். எரிபொருளை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுக்க விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு சோதனை எஞ்சினை 1919-இல் கட்டினார். எந்தப் பெட்ரோல் எந்த விகிதத்தில் தட்டத் தொடங்குகிறது என்று அப்போதுதான் நேரடியாக அளக்க முடிந்தது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த சிஎஃப்ஆர் எஞ்சினும் இதே குடும்பம்தான். பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் 91, 95 என்ற ஆக்டேன் எண்கள் இன்றும் அந்த வகை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் தட்ட வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகின்றன. தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100, எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. இரண்டுக்கும் நடுவே உங்கள் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்பதே அந்த எண். தொடக்கத்தில் தூய ஹெப்டேன் ஒரு வகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து வந்தது என்பது கொசுறுத் தகவல்.

இப்போது பிஸ்டனுக்கு வருவோம். மாருதி பலேனோவில் வந்த 1.2 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர், துளை விட்டம் 73 மில்லிமீட்டர், வீச்சு 71.5 மில்லிமீட்டர், இறுக்க விகிதம் 11. ஒரு பிஸ்டன் அடிமுனையிலிருந்து மேல்முனை வரை துடைத்துச் செல்லும் இடம் 299 சிசி. விகிதம் 11 என்றால், துடைத்த இடம் மிச்ச இடத்தைப் போல் 10 மடங்கு. ஆக, மிச்ச இடம் 30 சிசி. இதை எட்டரைக்கு இறக்க வேண்டுமானால் துடைத்த இடம் மிச்ச இடத்தைப் போல் ஏழரை மடங்காக வேண்டும். மிச்ச இடம் 40 சிசி ஆக வேண்டும். வித்தியாசம் 10 சிசி. மருந்து ஊற்றும் ஸ்பூனில் இரண்டு ஸ்பூன். அவ்வளவு பள்ளம் பிஸ்டன் தலையில் கூடுதலாகக் குடையப்பட்டிருந்தால் எஞ்சினின் குணமே மாறிவிடும்.

அந்த 30 சிசி ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் அளப்பவருக்கு வேலை வைக்கிறது. சிலிண்டர் ஹெட்டில் உள்ள குழிவு ஒரு பகுதி. ஹெட் கேஸ்கெட்டின் தடிமன் ஒரு பகுதி. இறுகிய பிறகு 0.6 மில்லிமீட்டர் நிற்கும் கேஸ்கெட் இந்தத் துளையில் இரண்டரை சிசி பிடிக்கும். பிஸ்டன் மேல்முனையில் பிளாக்கின் தளத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் அந்த இடைவெளி ஒரு பகுதி. பிஸ்டன் தலையின் கிண்ணக்குழியும் வால்வுக்காக வெட்டிய பள்ளங்களும் இன்னொன்று. தலை மேடாக இருந்தால் அதைக் கழிக்க வேண்டும்.

ஹெட் குழிவை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டால் மூடி, அளவுகுறித்த பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த திரவத்தைக் குமிழி நிற்காமல் நிரப்பினால், இறங்கிய அளவே விடை. பியூரெட் இல்லாதவர்கள் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். கவனமாகச் செய்தால் அரை சிசிக்குள் வந்துவிடலாம். அட்டவணையில் அச்சிட்ட விகிதத்தை நம்பிப் பிஸ்டன் வாங்குவது மட்டும் கூடாது. அந்த எண், ஒரு குறிப்பிட்ட ஹெட், ஒரு குறிப்பிட்ட கேஸ்கெட் என்று அனுமானித்துப் போட்டது. உங்கள் ஹெட்டை யாரோ ஒருமுறை சீவித் தளப்படுத்தி ஒரு சிசி போயிருந்தால், 11 என்பது 11.35 ஆகியிருக்கும். துளையை அரை மில்லிமீட்டர் அகலமாக்கி ரீபோர் செய்தாலும் விகிதம் 11.15-க்கு ஏறும். பழைய எஞ்சின் ரீபோருக்குப் பிறகு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகத் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஸ்டனைத் தொடாமல் கேஸ்கெட்டை மட்டும் தடிமனாக்கலாமே என்ற குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும். இரட்டிப்புத் தடிமன் போட்டாலும் கிடைப்பது இரண்டரை சிசி, விகிதம் 10.2 வரைதான் இறங்கும். இதில் வேறொரு கெடுதலும் உண்டு. பல எஞ்சின்களில் பிஸ்டனின் விளிம்பு, மேல்முனையில் ஹெட்டின் தட்டையான பகுதியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கி வந்து, அங்குள்ள கலவையை நடுவே பீய்ச்சித் தள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள். அந்தச் சுழற்சி எரிதலை விரைவுபடுத்துகிறது. மூலையில் காத்துக்கிடக்கும் கலவையையும் குறைக்கிறது. கேஸ்கெட்டைத் தடிமனாக்கினால் இந்த நெருக்கம் போய்விடும். விகிதம் குறைந்தும் தட்டல் குறையாமல் நிற்கும் எஞ்சின்கள் இப்படி உருவானவை. நல்ல டர்போ பிஸ்டன் விளிம்பைத் தட்டையாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் குழி வைத்திருப்பது அதனால்தான்.

எந்த விகிதத்துக்கு இறங்குவது? இங்கே பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. இறுக்க விகிதத்தை, டர்போ தரும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் எத்தனை மடங்கோ அதனால் பெருக்கி, வரும் எண்ணை ‘உண்மையான’ விகிதம் என்பார்கள். 11-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 18.7, ஐயோ, டீசல் அளவுக்கு வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பயம் நியாயமானது, கணக்கு நியாயமானதல்ல. டர்போ பெருக்குவது காற்றின் அளவை. விகிதம் பெருக்குவது, உள்ளே வந்த காற்றின் வெப்பத்தை. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்ற கருவி உலகில் இருப்பதே அந்த எண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பலேனோ எஞ்சினையே வைத்து, திருவனந்தபுரத்தின் 32 டிகிரிக் காற்றில் வெப்பத்தைத் தொடர்ந்து பார்ப்போம். சுவருக்குப் போகும் சூடு, எஞ்சிய புகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்ட தோராயக் கணக்குதான், ஆனால் திசையைச் சரியாகக் காட்டும். டர்போ இல்லாமல், விகிதம் 11-இல், இறுக்கிய முடிவில் கலவை 400 டிகிரியை ஒட்டி இருக்கும். இப்போது டர்போ 0.7 பார் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்போம். அதுவும் ஒரு பம்புதானே. வெளியே வரும் காற்று 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதை அப்படியே 11-க்கு இறுக்கினால் 550-ஐத் தாண்டும். சாதாரணப் பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு அது சாவோலை. பிஸ்டனை மாற்றி எட்டரைக்கு இறங்கினால் 490. பிஸ்டனைத் தொடாமல், காற்றை மட்டும் ஓர் இன்டர்கூலர் வழியே 53 டிகிரிக்குக் குளிர்வித்தால் 445. இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த எண் அதுதான்: பிஸ்டன் மாற்றும் பெருஞ்செலவைவிட, முன்னால் மாட்டும் ஒரு ரேடியேட்டர் அதிகச் சூட்டைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 390. டர்போ இல்லாதபோது இருந்த நிலைக்கே திரும்பிவிட்டோம். ஆனால் சிலிண்டருக்குள் முன்பு இருந்ததைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு காற்று இருக்கிறது.

விகிதத்தைக் குறைத்ததற்கு விலை உண்டு. இறுக்கம் குறைந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி விரியும் தூரமும் குறைகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஒரு பங்கு வேலையாகாமல் புகைக்குழாய் வழியே சூடாகப் போய்விடுகிறது. 11-லிருந்து எட்டரைக்கு வந்தால், ஏட்டுக் கணக்கில் திறன் ஏழெட்டு சதவீதம் குறையும். அறுபது சதவீதம் காற்று கூடுவதற்கு முன்னால் இது சிறிய இழப்பு. டர்போவுக்காக இறுக்கத்தைத் தியாகம் செய்வது ஏன் பேரமாகக் கட்டுப்படியாகிறது என்பதற்கு இதுதான் விடை. அன்றாடம் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து ஓட்டுபவருக்குப் பேரம் அவ்வளவு இனிக்காது. டர்போ விழிக்காத அந்த வேகத்தில், மந்தமான எட்டரை விகித எஞ்சினையே அவர் நாள்முழுதும் ஓட்டிக்கொண்டிருப்பார்.

வெப்பம் பாதிக் கதைதான். அழுத்தமும் தட்டலைத் தூண்டும். மலையேறினால் இதை நேரடியாகப் பார்க்கலாம். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டியது. டர்போ செய்வதற்கு நேர் எதிரான வேலையை மலை செய்கிறது; தட்டலும் குறைகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதி மாநிலங்களில் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை விற்பதற்கு நெடுங்காலமாக இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. விகிதம் மாறவில்லை, பிஸ்டன் மாறவில்லை; காற்றின் அளவு மட்டும் மாறியிருக்கிறது.

விகிதத்தை இறக்காமலும் டர்போ வைக்க முயன்றிருக்கிறார்கள். 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இரண்டு டர்போ கார்களை அடுத்தடுத்து இறக்கியது. ஷெவ்ரலே கார்வேரில் விகிதத்தை 9-லிருந்து 8-க்குக் குறைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் குறைக்க மனமில்லாமல் 10.25-இலேயே விட்டு, அதிக அழுத்தத்தில் ஓடும்போது தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சிக் குளிர்வித்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் ஜெட்ஃபயர் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தத் தொட்டியை நிரப்ப வாங்கியவர்கள் மறந்தார்கள். வண்டி இரண்டே ஆண்டில் நின்றது. ஸ்வீடனின் சாப் 1970களின் கடைசியில் 7.2 விகிதத்தோடு பத்திரமாகத் தொடங்கியது. பிறகு எஞ்சின் பிளாக்கில் அந்த 7,000 அதிர்வைக் கேட்கும் உணரியை வைத்து, தட்டல் எழுந்த கணமே டர்போ அழுத்தத்தை இறக்கும் ஏற்பாட்டைச் செய்ததும், எட்டரைக்கு ஏற முடிந்தது. எரிபொருள் மாறினாலும் இப்படித்தான். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சினுக்கு விகிதம் 6. காற்றைத் திணிக்க சூப்பர்சார்ஜர். 1940-இல் 87 ஆக்டேனிலிருந்து 100-க்கு மாறியதும், பிஸ்டனைத் தொடாமலே திணிப்பு அழுத்தத்தை ஆறே கால் பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள்.

2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ், அதே 73 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் விகிதத்தை 10 வரை வைத்துக்கொண்டது. அதில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. எத்தனால் ஆவியாக இன்னும் அதிக வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95. பழைய சாதாரணப் பெட்ரோலுக்கு 91. மைலேஜ் குறைகிறது என்ற புகாருக்கு நடுவே, டர்போ எஞ்சினுக்கு இந்தப் பெட்ரோல் தோதானது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

விகிதம் முடிவான பிறகும் பிஸ்டனின் உலோகம் ஒரு கேள்வி. வார்ப்புப் பிஸ்டன் சிலிக்கான் அதிகம் கொண்டது. சூட்டில் குறைவாக விரியும், ஆனால் தட்டலின் அடியில் நொறுங்கும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடி தாங்கும். சிலிக்கான் குறைந்த கலவையில் செய்தது கூடுதலாக விரியும் என்பதால், சுவருக்கும் அதற்கும் நடுவே அதிக இடைவெளி விட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அது கடகடவென்று ஆடும் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, சூடேறினால் அடங்கிவிடும். குழி ஆழமாக ஆக, தலையின் உலோகம் மெலியும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பிஸ்டனை லேத்தில் குடைந்து 10 சிசி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் பந்தயத் தளத்துக்கும் அறிவுக்கும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பீய்ச்சும் முன் எரிய எதுவும் இல்லை என்பதால் டீசலுக்கு இந்தத் தட்டல் பயம் இல்லை. அதனால் விகிதத்தை அது எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று பொருளல்ல. பழைய சிறு டீசல்கள் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகவே 20-ஐத் தாண்டி வைத்திருந்தன. திருவனந்தபுரம் தடத்தில் மின்கம்பி வருவதற்கு முன் ரயில்களை இழுத்த டபிள்யூடிஎம்-2 எஞ்சினிலோ 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், பெரிய டர்போ. விகிதம் வெறும் 12.5. அங்கே எல்லை வகுத்தது எரிபொருளின் பொறுமை அல்ல. அவ்வளவு காற்றோடு இன்னும் இறுக்கினால் எழும் உச்ச அழுத்தத்தை ஹெட்டும் பேரிங்கும் தாங்க வேண்டுமே.

ஒரே பிஸ்டனுக்கு ஒரே விகிதம் என்ற கட்டாயத்தையே இப்போது நிசான் உடைத்திருக்கிறது. 2024-இல் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்-ட்ரெயிலின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில், கனெக்டிங் ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே ஓர் இணைப்புக் கை இருக்கிறது. மின்மோட்டார் அதைத் திருப்பும்போது பிஸ்டன் எட்டும் மேல்முனையே ஏறி இறங்குகிறது. நிதானமாக ஓடும்போது விகிதம் 14. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி டர்போ முழுவீச்சில் எழுந்ததும் 8. ரிக்கார்டோ சோதனைச் சாலையில் ஓடவிட்ட யோசனை தெருவுக்கு வர நூறு ஆண்டுகளாயின. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கூடுதலாக ஓர் இணைப்பு, அதற்கு பேரிங், எண்ணெய் வழி, மோட்டார் என்று செலவு ஏறுவதால் மற்ற தயாரிப்பாளர்கள் இதைப் பின்பற்றத் தயங்குகிறார்கள்.